மேட்டில் ஓர் அணை, பள்ளத்தில் ஓர் ஊர்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புவியியல் படித்தவன் நான். எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் மூன்று கேள்வி கேட்பது என் வழக்கம். இந்த ஊருக்குத் தண்ணி எங்கேருந்து வருது? சோறு எங்கேருந்து வருது? இரண்டுக்கும் சாவி யார் கையில் இருக்கு? இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இன்று ஒரு சின்ன ஊரின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஜான்ஸ்டவுன்.

முதலில் இடம். பிட்ஸ்பர்க் நகருக்குக் கிழக்கே அறுபது மைல் போனால் அலிகேனி மலைகள். அங்கே ஸ்டோனிகிரீக், லிட்டில் கானமா என்று இரண்டு ஆறுகள் கூடி, கானமா என்ற பெயரில் மேற்கே மலை இடுக்கு வழியாகப் போகின்றன. கூடுகிற இடத்தில் கையகலச் சமவெளி. சுற்றிலும் செங்குத்தான மலை. அந்தச் சமவெளியில்தான் ஊர். 1800-ல் ஜோசப் ஷான்ட்ஸ் என்கிற ஆமிஷ் சமயக் குடியானவர் மனை போட்டு உண்டாக்கினார்.

அடுத்துக் கால்வாய் வந்தது. மலையைத் தாண்டும் ரயில்பாதைக்கும் மேற்கே போகும் கால்வாய்க்கும் சரக்கு மாற்றும் இடம் ஜான்ஸ்டவுன். பிறகு பென்சில்வேனியா ரயில்வே வந்தது. சுற்றுமலையில் நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் எல்லாம் இருந்தன. சும்மா இருப்பார்களா? 1852-ல் கேம்ப்ரியா இரும்புக் கம்பெனி தொடங்கியது. மேற்கே ரயில்பாதை நீண்டபோது தண்டவாளம் உருட்டித் தந்த பெரிய ஆலைகளில் இதுவும் ஒன்று. ஸ்லோவாக்கியர், போலந்துக்காரர், ஹங்கேரியர் என்று பல நாட்டுக்காரர்கள் பிழைக்க வந்தார்கள். 1920-ல் ஊரின் ஜனத்தொகை 67,327.

சோறு போட்ட அதே நிலந்தான் ஆபத்தையும் வைத்திருந்தது. ஊருக்கு மேலே 14 மைல் தூரத்தில் சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் ஒரு மண் அணை. கோடையில் கால்வாய்க்குத் தண்ணீர் விடக் கட்டியது. 1853-ல் வேலை முடிந்தது. அதற்குள் ரயில் வந்துவிட்டதால் கால்வாய்க்கே வேலை இல்லாமல் போய்விட்டது. கேட்பாரற்றுக் கிடந்த அணையை 1879-ல் பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை சங்கம் வாங்கியது. கார்னகி, ஃப்ரிக் எல்லாம் அதில் உறுப்பினர்கள்.

அணையை என்ன செய்தார்கள் தெரியுமா? அடியில் தண்ணீரை வெளியேற்றும் குழாய்களை முன்பே யாரோ கழற்றி விற்றிருந்தார்கள். அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. குதிரை வண்டி போக வசதியாக அணையின் மேல்மட்டத்தைக் குறைத்தார்கள். நம்ம ஏரிகளில் கலிங்கு என்கிறோமே, அந்த உபரிநீர் வழியில் மீன் தப்பாமலிருக்க வலை போட்டார்கள். மதகும் இல்லை, கலிங்கும் அடைப்பு! கேம்ப்ரியா கம்பெனியின் பொது மேலாளர் டேனியல் மாரல் 1880-ல் தம் ஆளை அனுப்பிப் பார்வையிட வைத்து எச்சரித்தார். உங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று பதில் வந்தது. ஊரும் தன் பங்குக்குத் தப்புச் செய்தது. மலையில் மரத்தை வெட்டினார்கள். ஆற்றோரத்தைத் தூர்த்து ஆற்றைக் குறுக்கினார்கள்.

1889 மே 31. விடாத மழை. மாலை மூன்று மணிக்குச் சற்றுப் பிறகு அணை உடைந்தது. ஒரு மணி நேரத்தில் வெள்ளம் ஊருக்குள் வந்துவிட்டது. அடித்து வந்த வீடுகளும் மரங்களும் ரயில்வே கல்பாலத்தில் சிக்கி மலைபோலக் குவிந்து, தீயும் பிடித்தது. 2,200 பேருக்கு மேல் மாண்டார்கள். எழுநூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள் யாருடையவை என்றே தெரியாமல் புதைக்கப்பட்டன. சங்கத்தின் மேல் போட்ட வழக்குகளில் ஒரு காசு நஷ்டஈடு வரவில்லை. பின்னால் கார்னகி ஒரு நூலகம் கட்டித் தந்தார். அந்தக் கட்டடத்தில் இன்று இருப்பது வெள்ள அருங்காட்சியகம்!

ஊர் மறுபடி எழுந்தது. 1891-ல் மலைமேல் குடியிருப்புக்கு ஏறிப்போக இழுவை ரயில் போட்டார்கள். 1936 வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் அதில் ஏறித் தப்பினார்கள். அந்த நிவாரணத்துக்கென்று மதுவின்மேல் தற்காலிக வரி ஒன்று போட்டார்கள். நிவாரணம் முடிந்தும் வரி போகவில்லை; 18 சதவீதமாக வளர்ந்துவிட்டது. அரசாங்கம் எங்கேயும் அரசாங்கந்தான்! ஆற்றுக்கு இருபுறமும் கான்கிரீட் கரை கட்டி, இனி வெள்ளமே வராது என்று பெருமை பேசினார்கள். 1977 ஜூலையில் ஒரே இரவில் ஓரடி மழை. சிற்றணைகள் உடைந்து எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள்.

இனி இரண்டாவது சாவி. 1923-ல் ஆலையை பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி வாங்கியது. அதன் தலைமையகம் மாநிலத்தின் மறுகோடியில். ஆலை பழசு, வெளிநாட்டு இரும்பு மலிவு, போதாததற்கு 1977 வெள்ளச் சேதம். ஆள்குறைப்பு தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. 1992-ல் பெத்லஹேம் அங்கே கடையைக் கட்டியது. அந்தக் கம்பெனியே 2003-ல் இல்லாமல் போனது. 2020 கணக்கெடுப்பில் ஊரின் ஜனத்தொகை 18,411.

வெள்ளத்தை இயற்கை என்பார்கள்; ஆலை மூடியதைச் சந்தை என்பார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அணையைப் பற்றி முடிவெடுத்தவர் யாரும் அந்தப் பள்ளத்தில் குடியிருக்கவில்லை. ஆலையைப் பற்றி முடிவெடுத்தவரும் அப்படித்தான். மழையை யாராலும் தடுக்க முடியாது. கலிங்கில் வலை போடாமல் இருக்க முடியும் இல்லையா? மாரல் எச்சரித்ததிலிருந்து அணை உடைந்தது வரை ஒன்பது வருஷம் இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்று அங்கே மக்களுக்குச் சம்பளம் தருவதில் ஒரு பெரிய மருத்துவமனையும் ஒரு பல்கலைக்கழக வளாகமும் முக்கியமானவை. கரி தீரலாம், தாது தீரலாம். கல்லூரி இருக்கிற ஊருக்கு இன்னொரு பிழைப்பு உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள், சிலர் அதிகாரி ஆவீர்கள், சிலர் முதலாளியும் ஆவீர்கள். மேட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் நாள் வரும். அப்போது கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். கீழேயிருந்து ஒருவர் எச்சரித்துக் கடிதம் எழுதினால், பதில் எழுதுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள்.