பிள்ளைகளுக்கு இடம் விடுவோம்

(யூபிலி விழாவையொட்டி நடந்த கல்விக் கருத்தரங்கில், பங்குப் பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



யூபிலி நினைவாகப் பள்ளிக்குப் புதிய பெஞ்சுகள் செய்து தர நம் பங்கில் பல குடும்பங்கள் முன்வந்திருக்கின்றன. மறைந்த பெற்றோரின் பெயரை 'உபயம்' என்று பொறித்துத் தருவதாகவும் சொல்லியிருக்கின்றன. அந்த நல்ல மனத்துக்கு எங்கள் நன்றி. ஆனால் தச்சரிடம் அளவு கொடுக்குமுன் ஒரு விண்ணப்பம். ஆறு வயதுப் பிள்ளையை நாள் முழுதும் ஒரே பலகையில் அசையாமல் உட்கார வைப்பது சரிதானா என்று நாம் கூடி யோசிக்க வேண்டும். 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று பல ஆண்டுகள் அதட்டியவர்கள்தாம் நாங்களும். அந்தக் குற்ற உணர்வோடுதான் பேசுகிறோம்.

நம்மில் பெரும்பாலோர் உழவர் குடியினர். நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றை அப்படியே விட்டுவிட்டால் நல்ல கதிர் காண்போமா? திருந்திய நெல் சாகுபடி என்று 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடச் சொன்னபோது, 'வயல் வெறுமையாகக் கிடக்கிறதே' என்று பயந்தவர்கள் உண்டு. பயிர் தூர் கட்டி நின்றதைப் பார்த்த பிறகுதான் பயம் தெளிந்தது. பயிருக்கு விடத் தெரிந்த இடத்தைப் பிள்ளைக்கு விட மறந்துவிட்டோம்.

பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளியில் பெஞ்சு கிடையாது. பிள்ளைகள் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதினார்கள். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதைக் கண்டு கையாண்டு, 1797-ல் நூலாக எழுதினார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை போயிற்று. அந்தத் திண்ணையில் பிரம்பும் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. அவை நமக்கு வேண்டா. பிள்ளைக்குப் பிள்ளை துணை என்ற அந்த வழக்கம் மட்டும் வேண்டும்.

1907 சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பிள்ளையே தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான மேசை நாற்காலிகளை அவரது பள்ளிகள் பரப்பின. 1939-ல் அவர் அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் தமிழ்நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி முறையே அதற்கு முன்மாதிரி. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள். தாங்களே எழுந்து போய் அட்டையை எடுத்து வந்தார்கள். கைக்கெட்டும் உயரத்தில் இருந்த கரும்பலகையில் எழுதினார்கள். ஆசிரியரும் தரையில் அவர்களோடு அமர்ந்தார். 'படிப்பு எங்கே, விளையாட்டுத்தானே' என்று முணுமுணுத்த பெற்றோரும் உண்டு. பிள்ளைகள் மிகுந்த வகுப்பில் திணறிய ஆசிரியரும் உண்டு. ஆனால் எழுந்து நடக்கும் பிள்ளையும் கற்கும் என்பதை நாடு கண்டது.

2025 சூலையில் 'ப' வடிவ இருக்கை பற்றிய பேச்சு எழுந்தது. கடைசி பெஞ்சே இராது என்று மகிழ்ந்தவர்கள் பலர். ஓரத்துப் பிள்ளைக்குக் கழுத்து நோகுமே, இடம் போதாதே என்று கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்த ஏற்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது. எந்த வடிவமும் மந்திரமல்ல. மாற்றிக்கொள்ள வசதி இருப்பதே முக்கியம் என்பது அதில் நாங்கள் கற்ற பாடம்.

இன்னொன்றைச் சொல்ல நா எழவில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. 2004 சூலை 16 அன்று, நம் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகளைத் தீக்குக் கொடுத்தோம். கூரை வேய்ந்த நெரிசலான வகுப்பிலிருந்து அவர்களால் விரைந்து வெளியேற முடியவில்லை. வகுப்பறையில் நடக்க வழி விடுவது படிப்புக்கு மட்டுமல்ல, உயிருக்கும் காப்பு.

ஆகவே எங்கள் விண்ணப்பம் இதுதான். மூன்றாம் வகுப்பு வரை பெஞ்சு வேண்டா. நல்ல பாய்களும், சுவரில் தாழ்வான கரும்பலகையும் தாருங்கள். மேல் வகுப்புகளுக்கு இருவர் அமரும் சிறு பெஞ்சுகள் போதும். வயதுக்கேற்ற உயரமும் முதுகுச் சாய்வும் இருக்கட்டும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து தூக்கும் எடையே போதும். தரையோடு ஆணி அடிக்க வேண்டா. கதவுக்கு நேரே வழி எப்போதும் திறந்திருக்கட்டும். உபயதாரர் பெயர்களைப் பள்ளி முகப்பில் ஒரே கல்லில் பொறிப்போம்.

எங்கள் பங்குக்கு ஓர் உறுதி தருகிறோம். வாரந்தோறும் பிள்ளைகளின் இடத்தை மாற்றுவோம். கண்ணோ காதோ மந்தமான பிள்ளையை அருகில் அமர்த்துவோம். 'கடைசி பெஞ்சு' என்ற பெயரை எந்தப் பிள்ளையும் சுமக்க விடமாட்டோம்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசுவை மரியாவும் சூசையும் தேடி வந்தபோது, ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து, கேட்டும் கேள்வி எழுப்பியும் இருக்கக் கண்டார்கள். நம் பிள்ளைகளும் அப்படி நடுவே அமரட்டும். யூபிலி ஆண்டில் நாம் தரும் நல்ல காணிக்கை அந்த இடமே.