உச்சவரம்புக்கு மேலே ஒரு பென்ஷன்

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீங்க. நான் பென்ஷன் பற்றிப் பேசப்போறேன். அதுவும் அமெரிக்கப் பென்ஷன். கோவிச்சுக்காதீங்க. நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். மாசம் பிறந்தால் பென்ஷன் வாங்க வருகிற கைகளைத்தான் முதலில் பார்ப்பேன். 2010 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்ததால எனக்கு அந்தப் பழைய பென்ஷன் கிடையாது. யாருக்கு எவ்வளவு, யார் தருகிறார்கள் என்பது எனக்குச் சொந்தக் கேள்வி.

அமெரிக்காவில் பென்ஷன் நிதிக்குள் போகும் பணத்துக்கு அப்போதைக்கு வரி இல்லை. உள்ளே இருந்து வளரும்போதும் இல்லை. ஓய்வு பெற்றவர் கையில் வாங்கும்போதுதான் வரி. இந்தச் சலுகையைக் கொழுத்த சம்பளக்காரர்கள் வரி தப்பிக்கும் பொந்தாக ஆக்கிவிடக் கூடாதென்று 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். இப்படிப்பட்ட நிதியிலிருந்து ஒருவருக்கு வருடத்துக்கு 75,000 டாலருக்கு மேல் தரக் கூடாது. நடுவில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடி விலைவாசியோடு ஏறியது. 2025இல் அந்த வரம்பு 2,80,000 டாலர்.

நியாயமான ஏற்பாடுதான். ஆனா 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகு அறக்கட்டளைகளின் பேரில் நிலம் ஒளிந்த கதை நமக்குத் தெரியும். உச்சவரம்பு வந்தால் பக்கத்திலேயே ஒரு சந்தும் வரும்.

கம்பெனிகள் தங்கள் பெரிய அதிகாரிகளுக்கு ஏற்கனவே தனியாக எழுதிக்கொடுத்து வந்தன. அரசு ஊழியருக்கு அந்தச் சந்தை 1996இல் திறந்துவிட்டார்கள். எந்தச் சட்டத்தில் தெரியுமா? சிறுதொழில் வேலைப் பாதுகாப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து இரண்டு தவணையாக 5.15க்கு ஏற்றியதும் அதே சட்டம்தான். அடிமட்டக் கூலிக்காரனுக்கு மணிக்கு 90 சென்ட். அதே தாள்களுக்குள் எங்கோ ஒரு பிரிவு, வரம்பைத் தாண்டிய அரசு ஊழியரின் மிச்சப் பென்ஷனுக்கு வழி. நமக்குப் பத்திரிகையில் தெரிவது எப்பவும் 90 சென்ட்தான்.

அது எப்படி நடக்குதுன்னு பாருங்க. கலிபோர்னியாவில் பொது ஊழியர் பென்ஷன் நிதியம் வரம்பு வரைக்கும் தரும். அதற்கு மேலே உள்ளதை, அவர் வேலை பார்த்த நகராட்சியோ நிறுவனமோ கட்ட வேண்டும். அது வேறொரு கணக்கு வழியாக அவருக்குப் போய்ச் சேரும். வரிச் சலுகை பெற்ற பெரிய நிதியிலிருந்து ஒரு காசு வரக் கூடாது. அப்படின்னா எங்கிருந்து வருது? அந்த வருடத்து நகராட்சிப் பணத்திலிருந்து. தெரு கூட்டுகிறவருக்கும் நூலக உதவியாளருக்கும் சம்பளம் போகும் அதே பெட்டி.

இதைத் திருட்டு என்று நான் சொல்லவில்லை. கடைசிச் சம்பளம், எத்தனை வருட வேலை, இத்தனை விழுக்காடு என்று பெருக்கிப் போட்ட கணக்கு. பேசின கூலி பேசினதுதான். தொழிற்சங்கங்கள் இதைச் சொல்லும்போது நான் அவங்க பக்கம். பேசியது யார், யார் முன்னிலையில் பேசியது என்பதுதான் என் சந்தேகம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன நகரம். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த ஏழை உழைப்பாளிகள்தான் பெரும்பாலும். அந்த நகராட்சியின் மேலாளர் ராபர்ட் ரிஸோ வருடத்துக்கு 8 லட்சம் டாலருக்குக் கிட்டத்தட்ட சம்பளம் வாங்கியதை 2010இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. அந்தச் சம்பளத்தை வைத்து மாநிலப் பென்ஷன். அதற்கு மேலே, குறிப்பிட்ட சிலருக்காக நகராட்சியே சத்தமில்லாமல் அமைத்த துணைப் பென்ஷன். ஜனங்களிடம் சொத்துவரியைச் சட்டத்துக்கு மீறி வசூலித்திருந்தார்கள். 2014இல் ரிஸோவுக்கு 12 வருடச் சிறை.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2013 ஜனவரியிலிருந்து கலிபோர்னியா புதிய சட்டம் போட்டது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த மிச்சப் பென்ஷன் கிடையாது. சரி. ஆனா அதே சட்டத்தில், முன்பு பலருக்கு 55 வயதில் கிடைத்த 2 விழுக்காட்டுக் கணக்கு புதிய ஊழியருக்கு 62 வயதுக்குத் தள்ளிப்போனது. சந்தில் போனவன் ஒருத்தன். சுங்கம் கட்டுகிறது தெருவில் நிற்கிற எல்லாரும்.

மேலே பார்த்தோம். இப்போ வரம்பின் நிழல்கூட விழாத இடத்தைப் பார்ப்போம். மெம்பிஸ் நகரம், 1968 பிப்ரவரி 1. மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டியின் நசுக்கும் எந்திரத்தில் சிக்கிச் செத்தார்கள். 1,300 பேர் வேலைநிறுத்தம். 'நான் மனிதன்' என்று அட்டை பிடித்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள். இந்தக் கதை நமக்குத் தெரியும். பென்ஷன் பாகத்தை யாரும் சொல்வதில்லை.

வேலைநிறுத்தம் ஜெயித்த பிறகு அந்தத் தொழிலாளர்கள் நகராட்சிப் பென்ஷனுக்குப் பதிலாக மத்திய அரசின் சமூகப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். வயசான காலத்தில் அது போதவில்லை. ஒருவர் 80 தாண்டியும் குப்பை வண்டிக்கு வந்துகொண்டிருந்தார். அவர்களுக்கு எந்த நாடாளுமன்றமும் பிரிவு எழுதவில்லை, துணைத் திட்டம் போடவில்லை. 2017இல், 49 வருடம் கழித்து, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாக மேயர் அறிவித்தார். நகரமன்றம் அதை 70,000 ஆக்கியது. ஒரே ஒரு தடவை.

வங்கிக்காரன் புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன். 2,80,000 என்பது 2025 வரம்பு. அதில் 70,000 என்பது சரியாக மூணு மாசம். அந்த மூணு மாசப் பணம் பத்தாது, மேலே உள்ளதையும் சேர்த்துத் தா என்று கேட்கத்தான் 1996இன் அந்தப் பிரிவு. கேள்வி இருந்தா கேளுங்க தோழர்களே, டீ வந்துடுச்சு.