தண்ணீர் நிரம்பியது மெஷினுக்கு எப்படித் தெரியும்?



விழிஞ்ஞம் துறைமுகத்தில், அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு காங்கிரீட் அறை கட்டப்பட்டது. 1991-ஆம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் அங்கே கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அலை அறைக்குள் ஏறும். உள்ளே உள்ள காற்றைத் தள்ளும். அந்தக் காற்று ஒரு சக்கரத்தைச் சுழற்றும். மின்சாரம் கிடைக்கும். அந்த நிலையம் இப்போது இயங்குவதில்லை. ஆனால், ஏறும் தண்ணீர் காற்றைத் தள்ளும் என்பது என்றும் உண்மை.

தானாகத் தண்ணீர் எடுக்கும் வாஷிங் மெஷினிலும் இதே உண்மைதான் வேலை செய்கிறது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு சிறிய டியூப் மேலே போகிறது. அதன் மறுமுனையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, டியூபில் அடைபட்ட காற்று நெருக்கப்படுகிறது. அது சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகட்டைத் தள்ளுகிறது. 'டக்' என்று சத்தம் கேட்கும். தண்ணீர் வருவது நிற்கும். துவைப்பது தொடங்கும்.

சில வீடுகளில் தண்ணீர் நிற்காமல் வழியும். உடனே, "சுவிட்ச் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பார்கள். புது சுவிட்ச் போட்ட பிறகும் தண்ணீர் வழிந்தால் என்ன செய்வது? கொடுத்த பணம் வீண்தானே? ஆகவே முதலில் சோதிக்க வேண்டும்.

தரை நனைந்திருந்தால் மெஷினைத் தொடக்கூடாது. உலர்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மின்சாரம் நின்ற பிறகும் மெஷினுக்குள் தண்ணீர் வருகிறதா? அப்படியானால் குற்றம் சுவிட்சில் இல்லை. தண்ணீரை உள்ளே விடும் வால்வு மூடவில்லை என்று பொருள். மின்சாரம் நின்றதும் தண்ணீரும் நின்றால், டியூபையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

குழாயை மூட வேண்டும். பிளக்கைப் பிடுங்க வேண்டும். தொட்டித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிறகுதான் மூடியைத் திறக்கலாம். இதில் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கைக் கொண்டே செய்வது நல்லது.

டியூப் கழன்றிருக்கிறதா? வெடிப்பு இருக்கிறதா? இருந்தால் காற்று வெளியே போய்விடும். தண்ணீர் நிரம்பியது சுவிட்சுக்குத் தெரியாது. டியூபின் அடிவாயில் சோப்புக் கசடும் நூலும் அடைத்திருந்தாலும் இதே கதைதான். சில வேளை காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்போது தொட்டி காலியாக இருந்தாலும் நிறைந்ததாக மெஷின் நினைக்கும். தண்ணீரே எடுக்காது.

டியூபைச் சுவிட்சிலிருந்து கழற்றிய பிறகே வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். சுவிட்சுக்குள் தண்ணீர் போகக் கூடாது.

அடுத்து, சுவிட்சில் ஒரு துண்டு டியூபைச் செருகி மெதுவாக ஊத வேண்டும். ஊதும்போது ஒரு 'டக்', விடும்போது ஒரு 'டக்' கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சுவிட்ச் கெட்டிருக்கலாம். சத்தம் கேட்டாலும் உள்ளே முனை கருகியிருக்கக்கூடும். அதை மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்ப்பார். சில புதிய மெஷின்களில் சத்தமே வராது. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. மெஷினோடு வரும் கையேட்டைப் படிக்க வேண்டும்.

மெக்கானிக் வந்ததும், "டியூபைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி வீண் செலவைத் தடுக்கும்.