தகரப் பெட்டிக் காயிதங்கள்

(தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்த குடும்பக் கூட்டத்தில் எமது நலன்புரி ஊழியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் பேச வந்தது சம்பளத்தைப் பற்றியோ கொழுந்து நிறையைப் பற்றியோ அல்ல. உங்கள் காம்பராவில் கட்டிலுக்குக் கீழே கிடக்கிற தகரப் பெட்டியைப் பற்றி. உள்ளே என்ன என்று கேட்டால், "ஏதோ பழைய காயிதம்" என்பீர்கள். அந்தக் காயிதம் இல்லாமல் நமது சனம் பட்ட பாடு கொஞ்சமா?

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. பிறப்பை எழுதி வைக்காத காலத்து மனிதர் எதைக் காட்டுவார்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அண்ணன் கப்பலேற, தம்பி லயத்தில் நின்ற குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் உண்டு.

பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் அது பிரஜாவுரிமை தந்தது. நல்ல சட்டந்தான். ஆனால் அன்றைக்கு இங்கே இருந்தோம் என்று சொல்ல, பழைய பேர்ப்பதிவோ, ஒரு பிறப்புச் சான்றிதழோ கையில் இருந்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

"ஒப்பீசில் இருக்குமே" என்று நினைக்க வேண்டாம். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. இத்தனை கை மாறிய பிறகு பழைய செக்ரோல் எந்த அலுமாரியில் இருக்கிறதோ, கறையான் தின்றதோ! 1977லும் 1983லும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் பெட்டியைத் தூக்கவா நின்றார்கள்?

இருப்பதைப் பத்திரப்படுத்துவது எப்படி? காயிதத்தை வகை வகையாகப் பிரிக்காதீர்கள். ஆள் ஆளாகப் பிரியுங்கள். வீட்டில் ஆறு பேர் என்றால் ஆறு பெரிய உறை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பள்ளிக்கூடச் சான்றிதழ், கலியாணப் பதிவு, ஈ.பி.எப். காயிதம் எல்லாம் அவரவர் உறைக்குள். மகள் கட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போனால் அவள் உறையும் கூடவே போகட்டும். தாய் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அவசரத்துக்கு பஸ் ஏறி வர வேண்டியது அவள்தானே.

ஏழாவது உறை குடும்பத்துக்குப் பொது. பாட்டன் பாட்டியின் பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய பாஸ்போட்டு, மரணச் சான்றிதழ்கள், இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர் அனுப்பிய கடிதங்கள் இதற்குள். கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் உள்ள விலாசம் ஒன்றே, பிரிந்த உறவைத் தேட உதவும். சில வீடுகளில் பூட்டன் காலத்துத் தகர வில்லை கிடக்கிறது. பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். கங்காணி கடனைக் காட்டிய 'துண்டு' 1921இலேயே சட்டத்தால் ஒழிந்துபோனது. ஒன்று கிடைத்தால் அதையும் பொது உறையில் வையுங்கள்.

பேர் விஷயத்தில் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் முத்தாயி, ஈ.பி.எப். காட்டில் முத்தம்மா, அடையாள அட்டையில் வேறு எழுத்து. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார்! பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அந்தக் காசை எடுக்கலாம். அந்த நேரம்தான் இந்த ஓரெழுத்து வித்தியாசம் ஆளை அலைக்கழிக்கும். ஒரு கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, எந்தக் காயிதத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று இப்போதே குறித்து வையுங்கள். வித்தியாசம் இருந்தால், வேலையில் இருக்கும்போதே திருத்தக் கேளுங்கள்.

நமது மலையில் மூடுபனியும் ஈரமும் அதிகம். குண்டூசி துருப்பிடித்துக் காயிதத்தைத் தின்னும். மாப்பசை பூச்சியைக் கூப்பிடும். கிழிந்ததை ஒட்டாமல், மடிக்காமல், பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். பழைய மூலப்பிரதியை லெமினேட் பண்ணவே வேண்டாம். சூடு பட்டு எழுத்து கெட்டால் திரும்பாது. பெட்டியை அடுப்புப் பக்கமும் ஒழுகுகிற கூரைக்குக் கீழும் வைக்காதீர்கள். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் வரிசையே எரிகிறதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே ஒரு செட் போட்டோ கொப்பி வேறு தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். பிள்ளைகளிடம் போன் இருக்கிறதே, படம் எடுத்தும் வைக்கச் சொல்லுங்கள்.

காயிதத்தில் இல்லாதது பெரியவர்கள் வாயில் இருக்கிறது. முதலில் வந்தவர் யார், எந்த ஊர், எந்தத் தாலுகா, எந்தக் கங்காணியின் கீழ், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்? அப்பாயியிடம் கேட்டு, கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுங்கள். சொன்னவர் பேரும் எழுதிய தேதியும் கீழே இருக்கட்டும். வருஷம் தெரியாவிட்டால், "சின்னத்துரை காலத்தில்" என்று அவர் சொன்னபடியே எழுதலாம். நீங்களாக ஒரு வருஷத்தைப் போட்டுவிடாதீர்கள்.

வருகிற ஞாயிறு காலை இதே இடத்தில் இருப்போம். உறையும் பென்சிலும் நாம் கொண்டு வருகிறோம். பெட்டியை நீங்கள் கொண்டாங்க; அப்பாயியையும் கூட்டிக்கொண்டு வாங்க.