விலைக்கோடும் வாணிபமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்துக் கல்வி நிதியின் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் நாள்வாணிபத்திற்கு விடுதல் வேண்டும் என்றும், விலைக்கோடு கற்ற நம் இளைஞர் சிலர் அதனை ஓராண்டிற்குள் இரட்டிப்பர் என்றும் ஒரு வேண்டுகோள் செயற்குழுவின்முன் வந்துளது. தமிழ் கற்பிக்கும் எமக்கு இதிற் பேச என்ன உரிமை என்று வினவுவாருமுளர். எம்மிடம் பயின்றாருள் ஒருவர் இத்துறையிற் புகுந்து கலங்கி நிற்கக் கண்டோம். அதுவே எமது உரிமை. ஆயினும், அறியாததை இகழ்தல் கற்றார்க்கு அழகன்று. ஆதலின், இக்கலை இன்னதென முதற்கண் அறிந்து, பின்னர் அதன் வலியையும் மெலிவையும் ஆராய்வோம்.

விலைக்கோடாவது, ஒரு பங்கின் விலை ஏறி இறங்குவதைக் காலமுறைப்படி வரைந்து காட்டும் படம். இன்று நம் இளைஞர் கைப்பேசியிற் காண்பது பெரும்பாலும் மெழுகுவர்த்தி வடிவான வரைவு. அது ஜப்பான் தேசத்து அரிசி வாணிபத்தோடு தொடர்புடையது. அங்கே ஒஸாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தை 1730-ஆம் ஆண்டில் அரசின் இசைவு பெற்றது. தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை என்னும் நான்கனையும் ஒரு சிறு உருவில் அடக்கிக் காட்டுதல் இவ்வரைவின் திறம். அமெரிக்கராகிய ஸ்டீவ் நைசன் 1991-இல் வெளியிட்ட நூலால் இது மேனாட்டிற் பெரிதும் பரவிற்று.

இவ்வுருவங்கள் நிரலே நின்று சில வடிவங்களைக் காட்டும். மூன்று முகடுகள் தோன்றி நடுவது ஓங்கி நிற்குமாயின் அதனைத் 'தலையும் தோளும்' என்பர். அதன்பின் விலை வீழும் என்பது கொள்கை. விலை இருமுறை ஒரே தாழ்வுக்கு இறங்கி மீளுமாயின் இனி ஏறும் என்பர். இவை முற்றும் பொய்யல்ல. மக்கள் எவ்விலையில் மொய்த்து வாங்கினர், எவ்விலையில் அஞ்சி விற்றனர் என்பதை இவை காட்டும். ஆனால் அவை காட்டுவது நேற்று நிகழ்ந்ததை. நம் கடைப் பேரேடு நேற்றைய வரவு செலவை வழுவின்றிக் காட்டும். நாளைக் காலை கடைவாயிலில் வந்து நிற்பவர் யாவர் என்று காட்டுமோ?

தொழில்நுட்பக் கம்பெனிகளின் பங்குகளில் இக்குறை பெரிதாகும். அவற்றின் விலையிற் பெரும்பகுதி இவ்வாண்டு ஈட்டிய இலாபத்தின்மேல் நிற்பதன்று. இனிப் பல்லாண்டு ஈட்டுவர் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பது. நம்பிக்கை ஒரு செய்தியால் அசையும். 2013 ஏப்ரல் 12-ஆம் நாள், இன்போசிஸ் கம்பெனி வரும் ஆண்டின் வருவாயைப் பற்றித் தெரிவித்த மதிப்பு எதிர்பார்த்ததினும் குறைந்தமையால், அதன் பங்கு ஒரே நாளில் நூற்றுக்கு 21-க்கு மேல் வீழ்ந்தது. 2025 ஜனவரி 27-ஆம் நாள், டீப்சீக் என்னும் சீனக் கம்பெனி குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவு செய்துள்ளதென்ற செய்தியால் என்விடியா பங்கு நூற்றுக்கு 17 வீழ, ஏறத்தாழ 59,000 கோடி டாலர் மதிப்பு அன்றே மறைந்தது. இச்செய்திகளை முன்கூட்டி உரைத்த வடிவம் யாது?

"குறித்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடும்படி ஸ்டாப் லாஸ் இட்டு வைப்போம்" என்பர் இளைஞர். நன்று. ஆனால் இரவில் வந்த செய்தியால் சந்தை திறக்கும்போதே விலை அக்குறிக்குக் கீழே நிற்குமாயின், அங்கே கிடைத்த விலைக்கே விற்றாக வேண்டும். சுவர் இருக்கின்றது, வெள்ளமோ சுவருக்கு இப்புறத்தே எழுகின்றது.

இனிக் கணக்கைக் காண்போம். நாள்வாணிபத்தில் கைப்பணத்தின் ஐந்து மடங்கு வரை வாங்க இடமுண்டு. அவ்வாறு வாங்கியபின் விலை நூற்றுக்கு நான்கு இறங்கினால் முதலில் நூற்றுக்கு இருபது போயிற்று. முதலிற் பாதி போயின், மிஞ்சிய பாதி இரட்டித்தாலன்றிப் பழைய நிலை மீளாது. இதற்குமேல் ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் தரகும் வரியும் உள. வென்றாலும் அவை போம், தோற்றாலும் போம்.

இது எம் அச்சம் மாத்திரமன்று. பங்குச் சந்தையை ஆளும் செபி 2024 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்ற தனி மாந்தருள் நூற்றுக்கு 71 பேர் நட்டமுற்றனர். முப்பது வயதிற்குட்பட்டாருள் அத்தொகை 76. ஆண்டில் 500 முறைக்கு மேல் வாணிபம் செய்தாருள் 80. வேறு தொழில்களிற் பழகப் பழகக் கை தேறும்; இங்கோ மிகுதியாகச் செய்தாரே மிகுதியாக இழந்தனர்.

யாம் முன்னர்க் குறித்த மாணாக்கர் அறிவிற் குறைந்தவரல்லர், கணக்கில் வல்லவர். முதல் மூன்று திங்கள் வென்றார். அதுவே கேடாயிற்று. சந்தையின் ஏற்றத்தைத் தம் திறமை என மயங்கித் தங்கையின் திருமணத்திற்கெனத் தந்தை வைத்திருந்த பணத்தையும் இட்டார். எட்டாம் திங்களில் யாவும் போயின. எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, கோடு பிழைக்கவில்லை, நான்தான் பிழைத்துப் படித்தேன்" என்றார். தோற்ற பின்னும் கோட்டையே நம்பும் அந்நிலைக்கு யாம் மிக வருந்தினோம்.

பெரியோர்களே! நம் குலத்தார் வாணிபத்தால் வாழ்ந்தவர். சரக்கைக் கையிலெடுத்து, முகர்ந்து, எடை பார்த்து, விளைந்த ஊரும் வாங்குவோன் நாணயமும் அறிந்து கொள்முதல் செய்தனர். கம்பெனியின் தொழில், கடன், ஐந்தொகை ஆகியவற்றை ஆராய்ந்து பங்கு வாங்கிப் பல்லாண்டு வைத்திருத்தலும் அம்மரபே. அதனை யாம் மறுக்கவில்லை. சரக்கு இன்னதென அறியாது விலையை மாத்திரம் நோக்கி நண்பகலுக்குள் விற்றல் வேறு. நம் வருமானவரிச் சட்டமும் நாள்வாணிபத்தை ஊக வாணிபம் என்றே வகுக்கின்றது. வள்ளுவரும் பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரமும் சூதிற்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் ஒன்றெனக் கொள்ளவில்லை.

இளைஞர்காள்! கற்க விழைவீராயின் கற்பீராக. தாம் ஈட்டிய பணத்தில், இழந்தாலும் இல்லம் வாடாத சிறு தொகையை மாத்திரம் இடுக. கடன் வாங்கி இடற்க. ஒவ்வொரு கொள்முதலையும் விற்பனையையும் தரகு, வரியுடன் பேரேட்டில் எழுதி, ஆண்டு முடிவில் தந்தையார்முன் வைக்க. அஞ்சாது வைக்கவல்லீராயின் அப்போது பேசுவோம்.

கல்வி நிதியோ நம்முடையதன்று. அடுத்த ஜூன் திங்களிற் கட்டணத்திற்காக நம் வாயிலில் வந்து நிற்கப்போகும் ஏழைப் பிள்ளையினுடையது. அப்பிள்ளையிடம், "உன் கட்டணம் நேற்றுக் காலை கோட்டிற் கரைந்தது" என்று கூற நம்முள் யார் முன்வருவார்? ஆதலின் அந்நிதி பாங்கி வைப்பிலேயே இருக்கத் தீர்மானித்தருளுமாறு இப்பேரவையை வேண்டி அமைகின்றோம்.