புதிய நிரல்மொழிகளும் மாற்றத்தின் விலையும்

(பெங்களூருவில் மாணவர்கள், அரசு அலுவலர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ தன் கணிப்பொறிப் பணிகளைப் புதியதொரு நிரல்மொழிக்கு மாற்ற முனையும்போது, அம்மொழியின் விலை என்ன என்னும் கேள்வியே முதலில் எழுகிறது. இன்று பெரும்பாலான நிரல்மொழிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே செலவில்லை என்று எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். பொருளாதாரம் பயின்றோர் இம்முடிவை ஏற்க இயலாது. மொழிக்கு விலை இல்லாமற்போகலாம். மாற்றத்திற்கு விலை உண்டு.

அவ்விலையின் முதற்கூறு பயிற்சிக் காலத்தில் குறையும் உற்பத்தியாகும். 20 நிரலர்கள் ஆறு மாதங்கள் பாதித் திறனுடன் பணியாற்றுவதாகக் கொள்வோம். 60 மாத உழைப்பு, அதாவது ஒருவரின் ஐந்தாண்டு உழைப்பு, எந்தக் கணக்கேட்டிலும் தனியாகப் பதிவாகாமலே கரைந்துவிடுகிறது. இரண்டாவது, பழைய அமைப்பையும் புதிய அமைப்பையும் சில காலம் ஒருசேர நடத்தும் இரட்டைச் செலவு. மூன்றாவது கூறே மிகவும் கவலைக்குரியது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த விதிவிலக்குகள் பழைய நிரல்களுக்குள் மட்டுமே பதிந்திருக்கும். ஓய்வூதியக் கணக்கீட்டில் அத்தகைய விதியொன்று மாற்றத்தின்போது விடுபடுமானால், அதன் இழப்பைச் சுமப்பவர் மாதத் தொகையை எதிர்நோக்கியிருக்கும் முதியவரே.

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் தன் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. அது மொழியை மட்டும் மாற்றியதன்று. முழு அமைப்பின் மாற்றம். எனினும் அதன் படிப்பினை நமக்கும் பொருந்தும். வாடிக்கையாளர் பலர் தம் கணக்குகளை அணுக இயலாது தவித்தனர். வங்கிக்கு அவ்வாண்டில் ஏற்பட்ட செலவு சுமார் 33 கோடி பவுண்டு. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4.8 கோடி பவுண்டுக்கும் அதிகம்.

அவ்வாறாயின் பழையதையே பற்றிக்கொள்ளலாமா? அதற்கும் விலை உண்டு. கோபால் மொழி 1959இல் உருவாகத் தொடங்கியது. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோரின் உதவித்தொகை விண்ணப்பங்கள் பெருகியபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் அம்மொழி அறிந்த தன்னார்வலர்களை வேண்டி அழைக்க நேர்ந்தது. பழைய அமைப்பில் போட்ட பணம் மீளாச் செலவு. மாறாதிருக்க அது காரணமாகாது. எதிர்காலச் செலவுகளை ஒப்பிடுவதே முறையாகும்.

இந்நகரிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 2001 ஜனவரி 4ஆம் நாள் பெங்களூருவில் முதன்முறையாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டுக் கணிப்பொறிக்கு அடா மொழியின் ஒரு பகுதி பயன்படுத்தப்பட்டது. பிழை நேர்ந்தால் உயிர் போகும் பணியில், கட்டுப்பாடு மிகுந்த மொழியைக் கற்கும் செலவு சிறிதே. ஆயினும் அடாவைக் கட்டாயமாக்கியிருந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997இல் அக்கட்டாயத்தைக் கைவிட்டது. விமானமோ பல பத்தாண்டுகள் பறக்க வேண்டும். எனவே ஒரு மொழியைத் தேர்ந்தெடுப்பது, அதனை அறிந்தவர்களை அத்தனை ஆண்டுகளும் உருவாக்கிக்கொண்டிருக்கும் பொறுப்பை ஏற்பதுமாகும்.

இவ்விரு செலவுகளுக்கும் இடையே நடுவழி ஒன்றுண்டு. ஆண்ட்ராய்டு அமைப்பில் கூகுள் நிறுவனம் பழைய நிரல்களை ஒட்டுமொத்தமாகத் திருத்தி எழுதவில்லை. புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதுவதற்கு முதலிடம் தந்தது. பாதுகாப்புக் குறைபாடுகளில் நினைவகப் பிழைகளால் விளைபவற்றின் பங்கு 2019இல் 76 சதவீதமாக இருந்து 2024இல் 24 சதவீதமாகக் குறைந்ததென அந்நிறுவனம் தெரிவித்துள்ளது. இறுதி அலகின் செலவையும் பயனையும் ஒப்பிடும் பொருளியல் கோட்பாடு இங்கு நடைமுறையில் பயன் தந்திருக்கிறது.

ஆகவே, மாற்றத்திற்கான கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, மென்பொருளின் விலையோடு நின்றுவிடாதீர்கள். பத்தாண்டுகளுக்குப் பின் இதனைப் பராமரிப்பவர் யார், முதலில் எச்சிறு பகுதியில் சோதித்துப் பார்க்கலாம் என்பவற்றிற்கும் அக்கோப்பில் விடை கேளுங்கள். விடை கிடைத்த பின் ஒப்புதல் அளிப்பதே பொதுப் பணத்திற்கு நாம் செய்யும் நியாயம்.