வயிற்றுக் கிருமிக்குப் பேர் வைத்த கதை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நம் லயத்தில் ‘கேஸ்ட்ரிக்’ இல்லாத வீடு உண்டா? வெறும் வயிற்றோடு பிரட்டுக்குப் போகிறோம், காரமாகச் சாப்பிடுகிறோம், அதனால்தான் வயிற்றுப்புண் என்று நாமே தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறோம். டாக்டர்களும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்பது அவர்கள் எண்ணம்.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற டாக்டர், இரைப்பையிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தபோது வளைந்த கிருமிகளைக் கண்டார். பிறகு பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். கண்ணால் கண்டால் மட்டும் போதாது. புது இனம் என்று சொல்ல அதைத் தனியே வளர்த்துக் காட்ட வேண்டுமல்லவா? தட்டில் வைத்து இரண்டு நாள் பார்ப்பார்கள். ஒன்றும் வளராது. வீசிவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கூடுதலாகச் சில நாள் அப்படியே கிடந்துவிட்டது. வந்து பார்த்தால், கிருமி வளர்ந்து நிற்கிறது! மெதுவாக வளரும் இனம், அவ்வளவுதான்.

வளைந்த உருவத்தைப் பார்த்து ‘கேம்பைலோபாக்டர்’ வகையில் சேர்த்தார்கள். ‘பைலோரிடிஸ்’ என்று வைத்த பேரில் லத்தீன் இலக்கணப் பிழை இருந்ததால் 1987இல் ‘பைலோரி’ என்று திருத்தினார்கள். (மாணவர்களே, வேற்றுமை உருபுக்கு நான் சிவப்பு மை போடுவது ஏனென்று இப்போது புரிகிறதா?) ஆனால் முகச்சாயல் ஒத்திருந்தால் உறவாகிவிடுமா? அதன் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டபோது வேறு வம்சம் என்று தெரிந்தது. 1989இல் ‘ஹெலிகோபாக்டர்’ என்று தனிப் பேரினமே அமைத்தார்கள்.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? தேயிலைக்கு உரம் போடுகிறோமே யூரியா, அது நம் உடம்பிலும் சிறிது உண்டு. இக்கிருமி அதை உடைத்து அம்மோனியா ஆக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்ளும். கெட்டிக்காரக் கிருமி!

உலகம் நம்பவில்லை என்று மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தி. இரைப்பையும் அழன்று போயிருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் சங்கதி. இக்கிருமி மலேசிய இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு என்று நம் நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிளந்தான் மலாய்க்காரர்களிடம் மிகமிகக் குறைவு. காரம்தான் காரணம் என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்? சம்பலில் மிளகாய் குறைவா என்ன? பெரும்பாலும் சிறுவயதிலேயே, குடும்பத்துக்குள்ளேயே இது தொற்றுகிறது. ஒரு சாண் வயிற்றுக்காக மலையேறுகிற நமக்கு அந்த வயிற்றிலேயே இப்படி ஒரு குடித்தனக்காரன்!

கிருமி உள்ளவர் எல்லாருக்கும் புண் வராது. புண் எல்லாம் கிருமியாலும் அல்ல. இடுப்பு வலிக்கு விழுங்குகிறோமே, அந்த மாத்திரைகளில் சிலவும் புண்ணாக்கும். ஆகவே வருஷக்கணக்கில் கடை மருந்தைக் குடித்துச் சமாளிக்காமல், தானா ராத்தாவுக்குப் போகும்போது டாக்டரிடம் “இந்தக் கிருமி இருக்கான்னு பாருங்க” என்று கேளுங்கள். ஊதிப் பார்க்கும் சோதனைகூட உண்டு. இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு கிருமிக்கொல்லி மாத்திரைகளும் ஓரிரு வாரம் தருவார்கள். வலி விட்டுப்போச்சு என்று பாதியில் நிறுத்தாதீர்கள். மிஞ்சிய கிருமிக்கு அந்த மருந்து பிறகு பலிக்காமல் போகலாம். மலம் தார் மாதிரி கறுத்துப்போனாலோ, இரத்தமாக வாந்தி எடுத்தாலோ மறுநாள் சம்பள நாள் என்று பார்க்க வேண்டாம், அன்றே புறப்படுங்கள்.